மேடையில் இருந்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி

எங்கள் துறைத்தலைவர் முனைவர் ஈஸ்வரபாண்டிக்கு நான் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியது உண்மை. அப்போது அவர் உயிரோடு இருந்தார் என்பதும் உண்மை. இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறார். காலையில் நடைப்பயிற்சி போகிறார், சர்க்கரை கொஞ்சம் கூடியிருப்பதாகக் கேள்வி. ஒட்டியது பற்றி எனக்கு ஒரு பொட்டு வருத்தம் கிடையாது. ஏன் ஒட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் நியாயம் பேசுங்கள்.

என் பெயர் முனீஸ்வரி. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக் குடும்பம். கதை படிக்கப் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத் தமிழ் எம்.ஏ. படித்து, அதே காரணத்துக்காக முனைவர் பட்ட ஆய்வுக்கும் போனேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், அதற்கு அந்தத் தகுதி இல்லை. அங்கே 'சமகால இலக்கியக் கோட்பாட்டுத் துறை' என்று ஒன்று இருந்தது. முதல் நாள் வகுப்பிலேயே, எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, கதை படிக்க என்று சொல்லித் தொலைத்தேன்.

"கதை என்று சொல்லக் கூடாதும்மா. பிரதி," என்றார் ஈஸ்வரபாண்டி.

"சரிங்கய்யா. பிரதி படிக்க வந்தேன்."

"படிக்க என்றும் சொல்லக் கூடாது. வாசிப்பை நிகழ்த்த."

"சரிங்கய்யா. நான் வாசிப்பை நிகழ்த்த வந்தேன்."

"அந்த 'நான்' யார்? அப்படி ஒருவர் இருக்கிறாரா?"

வகுப்பு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நானும் குனிந்து என்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அன்றோடு எங்கள் துறையில் 'நான்' போயிற்று. தாகம் எடுத்தால் "தண்ணீர் தேவைப்படுகிறது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும்.

வருகைப் பதிவு இன்னும் விசேஷம். "உள்ளேன் ஐயா" என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இருத்தல் என்பதே ஒரு பாவனை, அதனால் பெயரைக் கூப்பிட்டால் "தடம்" என்று சொல்ல வேண்டும் என்றார். ஒருநாள் அஜய்குமார் என்ற மாணவன் வரவில்லை. இன்மைதான் ஆகச்சிறந்த இருப்பு என்று அரை மணி நேரம் விளக்கி அவனுக்கு வருகை போட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "நீ இங்கே இருக்கிறாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார். அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். ஆப்சென்ட் போட்டுவிட்டார். அஜய்குமார் அவருடைய மச்சான் மகன் என்பது கோட்பாட்டுக்குள் வராது.

ஆய்வு மாணவர்கள் அவர் வீட்டு வேலை செய்வதும் பாடத்திட்டம்தான். கேஸ் சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்கு உருட்டிக்கொண்டு போனபோது, "விளிம்பிலிருந்து மையத்தை நோக்கி நகர்கிறாய், கவனி," என்று கூடவே வந்தார். நான் கவனித்தேன். மூன்று இடத்தில் காலில் இடித்தது.

வீட்டில் அம்மா அய்யம்மாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்பாள்.

"ஏத்தா, அங்கன என்னதான் சொல்லிக் குடுக்காக?"

"எழுதினவர் செத்துட்டார்னு சொல்லிக் குடுக்காகம்மா."

"அடப் பாவமே! என்ன சீக்கு?"

"சீக்கு இல்லம்மா. எழுதி முடிச்சதும் செத்துருவாக. எழுதுற எல்லாருமே."

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப நீ எதுக்குடி எழுதிக்கிட்டு இருக்க? விட்டுட்டு வந்துரு."

விட்டுவிட்டு வர முடியாது. உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதம் திறக்கும்போது பட்டம் கையில் இருந்தால் நேரே வகுப்புக்குப் போகலாம். அந்த வேலை கிடைத்தால் பிள்ளைகளைக் கதை என்று சொல்ல விடுவேன், நான் என்று சொல்ல விடுவேன், வந்தவர்களுக்கு வருகை போடுவேன். எனக்கு அவ்வளவுதான் ஆசை.

ஆய்வுக்கு நான் எடுத்த பொருள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று பஸ்ஸிலேயே அலைந்து சுவர் சுவராகப் படம் எடுத்தேன். எங்கள் பக்கத்தில் செத்தவர் படத்தைவிட ஒட்டியவர்கள் படம் பெரிதாக இருக்கும். 'கண்ணீருடன்' என்று போட்டுக் கீழே கூலிங்கிளாஸ் மாட்டிய இளைஞர்கள் வரிசையாகச் சிரிப்பார்கள். பெயர் வரும் என்பதற்காகவே ஒட்டுகிறார்கள் என்று முதல் இயலில் எழுதினேன். மூன்றாம் இயல்தான் என் கண்டுபிடிப்பு. போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரி செத்தபோது, அவசரத்தில் ஒட்டியவர் பெயர் ஒன்றுகூட இல்லாமல் போஸ்டர் அடித்துவிட்டார்கள். ஊர் பதறிப்போயிற்று. யார் ஒட்டினார்கள் என்று தெரியாததால், தன் பெயர்தான் விட்டுப்போனதோ என்று ஒவ்வொருவருக்கும் சந்தேகம். உறவு, அரை உறவு, பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி எல்லாம் வண்டி பிடித்து வந்து சேர்ந்தார்கள். பெயர் இல்லாமல் ஒட்டினால் ஊரே உறவாகிவிடும் என்று அந்த இயலை முடித்தேன்.

அதைப் படித்துவிட்டு, "நகைச்சுவையாக இருக்கிறது. கோட்பாடு போதாது," என்று சொல்லி ஆய்வேட்டை வாங்கி வைத்துக்கொண்டார் ஈஸ்வரபாண்டி. திருத்தித் தருகிறேன் என்றார். தை போய் மாசி வந்தது. கேட்டால், "காலம் நேர்கோட்டில் செல்வதில்லை," என்றார்.

ஒருவழியாகத் திருப்பிக் கொடுத்தார். ஒரு திருத்தமும் இல்லை. சமர்ப்பிப்பதற்கு முன்னால், வேறு எதையும் பார்த்து எழுதியிருக்கிறேனா என்று கம்ப்யூட்டரில் சோதிப்பது விதி. நூலகத்தில் கொடுத்தேன். தொண்ணூற்றிரண்டு சதவீதம் காப்பி என்று வந்தது. எதைப் பார்த்து அடித்தேன் என்றும் அதுவே சொன்னது. நூலின் பெயர் 'ஒட்டப்பட்ட மரணம்'. மின்னூல் அப்போதே வந்துவிட்டது, அச்சுப் பிரதி ஓய்வு விழாவில் வெளியாகும். ஆசிரியர் முனைவர் ஈஸ்வரபாண்டி. போடி ஏலக்காய் வியாபாரி, கூலிங்கிளாஸ், பத்து வருஷப் பங்காளி எல்லாம் அதில் இருந்தார்கள். நான் பஸ்ஸில் போனது மட்டும் 'காரில்' என்று மாறியிருந்தது.

அவர் அறைக்குப் போனேன். எங்கள் தோட்டத்திலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த பன்னீர் திராட்சையைத் தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, இது என் ஆய்வேடுங்கய்யா."

"'என்' என்பது உடைமையாளரின் சொல், முனீஸ்வரி. எழுத்து பிறந்த கணமே எழுதியவர் இறந்துவிடுகிறார். இறந்தவளுக்கு எதற்கும்மா உடைமை?"

"அப்ப அட்டையில உங்க பேரு இருக்கே?"

"அது பெயர் இல்லை. வெறும் குறிப்பான்."

"குறிப்பானுக்குப் பக்கத்துல போட்டோ இருக்குங்கய்யா. கோட்டு போட்டுக்கிட்டு."

கொட்டையைத் துப்பிவிட்டுப் புன்னகை செய்தார். "நீ மட்டுமா இறந்தாய்? நானும்தான். முன்னுரையைப் பார்." அவரே எடுத்து வாசித்தார்: "'இந்நூல் அச்சேறிய கணத்தில் இதை எழுதியவன் மரித்தான். அவனைத் தேடாதீர்கள்.'" வாசித்து முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"என் பட்டம் என்னங்கய்யா ஆகும்? ஜூன்ல வேலைக்குச் சேரணும்."

"வேறு தலைப்பில் புதிதாகப் பதிவு செய்துகொள். அறிவுக்கு அவசரம் ஆகாது," என்று சொல்லிவிட்டு, அடுத்த தடவை விதை இல்லாத திராட்சையாகக் கொண்டுவரச் சொன்னார்.

வெளியே வந்து பஸ் ஏறினேன். எனக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. நாசமாப் போறவன் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே சுவரில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி. அதைப் பார்த்ததும் எரிச்சல் அப்படியே அடங்கி, எனக்கு நல்ல பசி எடுத்தது.

அல்லிநகரத்தில் கிறிஸ்டோபர் அண்ணன் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். தேனி வட்டாரத்துச் சாவுப் போஸ்டரில் பாதி அவர் அடித்தது. ஆய்வுக்காகப் போய்ப் போய் நல்ல பழக்கம். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"உசுரோட இருக்கவருக்கா? தங்கச்சி, என்னையத் தூக்கி உள்ள வச்சிருவாக."

நான் செல்போனில் மின்னூலைத் திறந்து முன்னுரையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"அவரே எழுதிக் குடுத்திருக்காரே!"

"ஆமாண்ணே. நூல் அச்சேறுனதும் செத்துட்டாராம். அச்சேறிருச்சு."

"அப்ப நமக்கென்ன வந்துச்சு? எந்தப் போட்டோ?"

"அட்டையில இருக்கதுதான். கோட்டு."

"கீழ ஒட்டுனவுக பேரு யாரு யாரு போடணும்?"

"ஒருத்தர் பேரும் வேணாம்ணே."

"பேரு இல்லாமையா? பேரு வராட்டி எதுக்கும்மா செலவழிச்சுப் போஸ்டர் ஒட்டணும்?" என்றார். அவருக்கு அது கடைசி வரை விளங்கவில்லை. ஆனாலும் அடித்துக் கொடுத்தார்.

போஸ்டரில் நான் பொய்யே எழுதவில்லை. 'பேராசிரியர் முனைவர் ஈஸ்வரபாண்டி அவர்கள், தமது நூல் அச்சேறியதை அடுத்து இயற்கை எய்தினார். சனிக்கிழமை காலை பத்தரை மணி முதல் பல்கலைக்கழகக் கருத்தரங்கக் கூடத்தில் அஞ்சலி செலுத்தலாம்.' அவ்வளவுதான். சனிக்கிழமை விடியும்போது தேனி பஸ் ஸ்டாண்ட், சின்னமனூர், உத்தமபாளையம் எல்லா இடத்திலும் ஒட்டியிருந்தது. அவருடைய அக்கா ராக்கம்மாள் வாக்கப்பட்டிருந்த வடுகபட்டிக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக ஒட்டச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்குத்தான் ஈஸ்வரபாண்டியின் பணி ஓய்வு விழாவும் பன்னாட்டுக் கருத்தரங்கமும். கேரளத்துக் குமுளியிலிருந்து மலை இறங்கி சசிதரன் என்ற கோட்பாட்டாளர் வந்தால் எங்கள் துறையில் அது தேசியக் கருத்தரங்கம். சிங்கப்பூரில் இருக்கும் துறைத்தலைவரின் மருமகன் திரையில் தெரிந்தால் அது பன்னாட்டுக் கருத்தரங்கம். திரையில் மருமகன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அரங்கத்தில் செல்போனை அணைத்து வைக்க வேண்டும் என்று ஈஸ்வரபாண்டி கண்டிப்பாகச் சொல்லி, முன்மாதிரியாகத் தன்னுடையதை முதலில் அணைத்தார். போஸ்டரைப் பார்த்த சொந்தக்காரர்கள் அவருக்குப் போன் போட்டபோது சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அதோடு ஊர் உறுதி செய்துகொண்டது.

விழா தொடங்கியது. மேடையில் சிவப்பு சிம்மாசன நாற்காலி, அதில் ஈஸ்வரபாண்டி, கழுத்தில் ஆளுயர மாலை, காலடியில் குத்துவிளக்கு. ஒவ்வொருவராக வந்து பொன்னாடை போர்த்தி, இவரைப் போல ஒரு மனிதர் இனிக் கிடைக்க மாட்டார் என்று பேசிவிட்டு இறங்கினார்கள். துணைவேந்தர் மைக்கைப் பிடித்து, "அவர் விட்டுச்சென்ற இடத்தை யாராலும் நிரப்ப முடியாது," என்று குரல் தழுதழுத்தபோது வெளியே கொட்டுச் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. முன்னால் ராக்கம்மாள், தலைவிரி கோலம். பின்னால் வடுகபட்டிப் பெண்கள், மாலைகள், கோடித் துணி, அவர்களுக்குப் பின்னால் பாதி மாவட்டம்.

"என்னப் பெத்த ராசா! எழுதி எழுதியே போயிட்டியாடா! எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியாடா!"

மேடையில் இருந்தவரைப் பார்த்துக் கூட்டம் ஒருகணம் நின்றது. மாலை, விளக்கு, நாற்காலியில் சாய்ந்த உடம்பு. எங்கள் பக்கத்தில் பெரிய மனிதர்கள் செத்தால் இப்படி உட்கார வைத்துத்தான் எடுப்போம். சந்தேகம் தீர்ந்து எல்லாரும் ஒப்பாரி வைத்து அழ ஆரம்பித்தார்கள். ஈஸ்வரபாண்டி எழுந்தார். வடுகபட்டிப் பெண்கள் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள்.

"கொள்ளாம்! கொள்ளாம்!" என்று மலையாளத்தில் பாராட்டிச் சசிதரன் எழுந்து நின்று கைதட்டினார். "கோட்பாட்டை நிகழ்கலையாவே மாத்திட்டீங்க!" அவர் தட்டியதால் ஆய்வு மாணவர்களும் தட்டினார்கள். அழுகைக்கும் கைதட்டலுக்கும் நடுவில் ஈஸ்வரபாண்டி மைக்கைப் பிடுங்கினார்.

"நான் சாகலை! நான் இருக்கேன்! இந்தா, இங்கன இருக்கேன்!"

நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். வருகைப் பதிவில் எங்களை ஒருநாளும் சொல்ல விடாத வார்த்தைகள். மைக்கில் நன்றாக எடுத்தது.

ராக்கம்மாள் மேடை ஏறித் தம்பியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் அதே கன்னத்தில் ஒன்று வைத்தாள். "ஏலே, உசுரோட இருந்துக்கிட்டா எங்களை ஓட வச்ச? எடுத்த கோடியத் திருப்பிக் கொண்டு போகக் கூடாதுடா, வீட்டுக்கு ஆகாது." துணைவேந்தர் போர்த்திய பொன்னாடைக்கு மேலே கோடித் துணியைப் போர்த்திவிட்டு இறங்கினாள். மதியம் போட வேண்டிய கருத்தரங்கச் சாப்பாட்டை வந்த சனம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. இழவு வீட்டில் இவ்வளவு நல்ல கூட்டு சாப்பிட்டதில்லை என்று ஒரு பெரியவர் சொன்னார்.

அடுத்த வாரம் விசாரணைக் குழு கூடியது. என் ஆய்வுப் பதிவையே ரத்து செய்ய வேண்டும் என்று ஈஸ்வரபாண்டி புகார் கொடுத்திருந்தார். தலைவர் அனுசுயா மேடம், வேதியியல் துறை. கோட்பாடு என்றால் அவருக்கு, ஒரு பொருள் தீயில் எரியுமா எரியாதா என்பதுதான்.

"போஸ்டரை நீ எழுதுனியாம்மா?" என்றார்.

"எழுதினவர்னு ஒருத்தர் கிடையாதுங்க மேடம். எழுத்து பிறந்ததும் எழுதினவர் செத்துருவாகன்னு ஐயாதான் சொல்லிக் குடுத்தாக. வேணும்னா ஐயாவையே கேளுங்க."

ஈஸ்வரபாண்டி மேஜையைத் தட்டினார். "எழுதினவன் உண்டு! எழுதினவன் இல்லாம எழுத்து எப்படி வரும்? எழுதினவனைப் பிடிச்சுத் தண்டிச்சாகணும் மேடம்!"

"அத மினிட்ஸ்ல ஏத்துங்க," என்றார் அனுசுயா மேடம். உதவியாளர் தட்டச்சு செய்தார். "சரி சார், எழுதினது இந்தப் பொண்ணுதான்னு எப்படிச் சொல்றீங்க? கீழ பேரே இல்லையே."

"பேரு இல்லாததுதான் மேடம் ஆதாரம்!" அவர் முகம் ஜிவுஜிவு என்று ஆகிவிட்டது. கோட்பாட்டுத் தமிழ் போய் ஊர்த் தமிழ் வந்துவிட்டது. "பேரு போடாம ஒட்டுனா ஊரே வந்து குமியும்கிறது உலகத்துல வேற எவனுக்கும் தெரியாது. கண்டுபிடிச்சதே இவதான். அந்தப் போடி ஏலக்காய்க்காரர் சாவை வச்சு மூணாம் இயல் முழுக்க எழுதியிருக்கா. வரி வரியா எனக்குத் தெரியும். இவளத் தவிர வேற யாரும் அத எழுதியிருக்கவே முடியாது!"

நான் அதற்காகத்தான் வந்து உட்கார்ந்திருந்தேன். போஸ்டரில் பெயரை விட்டது கூட்டத்துக்காக மட்டும் இல்லை.

அனுசுயா மேடம் 'ஒட்டப்பட்ட மரணம்' நூலை எடுத்தார். பக்கத்தைப் புரட்டினார். மூன்றாம் இயலில் நிறுத்தி, போடி ஏலக்காய் வியாபாரி வரும் இடத்தில் விரலை வைத்து, புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார்.

"இந்த இயலா சார்?"

ஈஸ்வரபாண்டி பார்த்தார்.

"பிரதிக்கு... உரிமையாளர் என்று..." என்று பழைய குரலில் ஆரம்பித்தார்.

"அதெல்லாம் உண்டுன்னு இப்பத்தான சொன்னீங்க. மினிட்ஸ்ல ஏறிருச்சு சார்," என்றார் மேடம்.

புத்தகத்தைத் திரும்பப் பெற்றார்கள். கம்ப்யூட்டரில் மறுபடி போட்டபோது என் ஆய்வேடு என்னுடையதாகவே வந்தது. போஸ்டர் ஒட்டியதற்காக எனக்குக் கண்டனக் கடிதம் கொடுத்தார்கள். 'போஸ்டரையும் மூன்றாம் இயலையும் எழுதியவர் முனீஸ்வரியே' என்று துணைவேந்தர் கையெழுத்தோடு. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வாய்மொழித் தேர்வன்று நெறியாளரான ஈஸ்வரபாண்டி வந்தாக வேண்டும் என்பது விதி, வந்தார். பெயரைக் கூப்பிட்டதும் "இருக்கேன்" என்று மெதுவாகச் சொன்னார். "சத்தமாச் சொல்லுங்கய்யா, கேக்கலை," என்றேன். சொன்னார்.

ஜூனில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளைகள் "உள்ளேன் அம்மா" என்கிறார்கள். நான் போட்டுவிடுகிறேன்.

இதோடு விட்டிருக்கலாம் என்று அம்மாகூடச் சொன்னாள். எனக்கு மனசு ஆறவில்லை. மறு வருஷம் அதே தேதி வந்தபோது அல்லிநகரம் போனேன். கிறிஸ்டோபர் அண்ணன் என்னைப் பார்த்ததுமே கோட்டுப் போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்துவிட்டார். 'ஒட்டப்பட்ட மரணம்' நூலாசிரியருக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ஈஸ்வரபாண்டி தினமும் நடைப்பயிற்சி போகும் தெருவில், அவர் வீட்டு வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டச் சொன்னேன்.

"இந்தத் தடவையாச்சும் கீழ பேரு உண்டா தங்கச்சி?" என்றார் அண்ணன்.

உண்டு என்றேன். முதல் இயலில் எழுதியிருக்கிறபடியே செய்யச் சொன்னேன். செத்தவர் படம் தபால்தலை அளவுக்கு. அதன் கீழே கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு என் படம், சுவர் நிறைய. 'கண்ணீருடன், முனைவர் முனீஸ்வரி.'